தண்ணீரில் கிடந்தவனைக் கூப்பிட்ட மொழி

இப்போதும் விடியற்காலையில் துறைமுகத்துத் தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது என் நாக்கில் நாலு சொல் வந்து நிற்கும். தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை, சிங்களமும் இல்லை. திருகோணமலையில் அந்த நாலு சொல்லையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். பிழையாகச் சொல்கிறேனோ என்ற யோசனை அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. திருத்துவதற்கு ஆள் இல்லை.

அது இரண்டாம் உலக யுத்தத்தின் பின்பாதி. உள்துறைமுகம் முழுக்கக் கப்பல்கள். காலைப் பனிப்புகாரில் பார்த்தால் அவை தண்ணீரில் நிற்பதாகத் தெரியாது. மேலேயிருந்து யாரோ கயிற்றில் இறக்கிப் பாதியில் விட்டதுபோல இருக்கும். அந்தக் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் படகில் கயிறு பிடிப்பது என் வேலை. கப்பலின் பக்கத்தில் படகு அணைந்ததும் கயிற்றை மாட்ட வேண்டும், தண்ணீர் ஏற்றி முடிந்ததும் அவிழ்க்க வேண்டும். படகை நடத்துகிற தண்டயல் கிண்ணியாக்காரர். சோனகர் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெரிய வயிறு, பெரிய சிரிப்பு.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து கணக்குக் கேட்பார் என்றார்கள். மூன்று நாள் வயிற்றுக்குத்து என்று படுத்தேன். நாலாம் நாள் போக வெட்கமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். இன்ஸ்பெக்டர் வரவேயில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அக்காவும் நானும்தான். "நாளைக்குச் சூரியன் வாறதுக்குப் பாதை தெரியுமோ எண்டும் நீ யோசிப்பாய்" என்பாள் அக்கா.

இருந்த பயம் போதாதென்று நாற்பத்திரண்டில் ஜப்பான்காரனின் குண்டும் விழுந்தது. அன்று காலை அக்காவும் நானும் பாதி வழி நடந்தும் பாதி வழி மாட்டு வண்டியிலுமாகக் கந்தளாய்க்கு ஓடினோம். சனங்கள் மெல்ல மெல்லத் திரும்பிய பிறகு நாங்களும் திரும்பினோம். ஆனால் அதற்குப் பிறகு சைரன் ஊதினால், அது பயிற்சிக்குச் சும்மா ஊதுவது என்று தெரிந்தாலும், என் உடம்பு என்னைக் கேட்காமல் தானே ஒரு முடிவு எடுக்கும்.

அப்படித்தான் அந்த மனிதன் விழுந்தான்.

மத்தியான நேரம். திருத்த வேலைக்காக நின்ற ஒரு சரக்குக் கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றி முடிந்திருந்தது. கப்பலின் மாலுமி ஒருவன் குழாயைக் கழற்றிவிடக் கயிற்றேணி வழியாக எங்கள் படகுக்கு இறங்கியிருந்தான். வேலை முடிந்து திரும்பி ஏறப் போனான். ஒரு கால் ஏணியில், ஒரு கால் எங்கள் படகின் விளிம்பில். அப்போது சைரன் ஊதியது. என் கை கயிற்றை விட்டுவிட்டது. படகு விலகியது. அவன் இரண்டுக்கும் நடுவில் தண்ணீருக்குள் போனான்.

கொக்கத் தடியைப் போட்டுச் சட்டைக் கொலரில் மாட்டி நான்தான் இழுத்தேன். தண்ணீரின் மேல் வந்த முகத்தில் கண் திறந்திருந்தது; ஆனால் பார்க்கவில்லை. "என்னடா நடந்த?" என்று காக்கா கத்தினார். "கயிறு அறுந்திட்டுது காக்கா" என்றேன். அந்தப் பொய் வாயில் எவ்வளவு சுகமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

அவனுக்குக் காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து சாப்பிடவில்லை, நித்திரையும் இல்லை. கரையில் கப்பல்காரருக்கென்று போட்டிருந்த ஓலைக் கொட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். டொக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். அக்கா வைத்த கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு போனேன்.

நான் போன நேரம் அவன் கட்டிலில் இருந்து பூத் தைத்துக்கொண்டிருந்தான். கட்டுவது இல்லை, தைப்பது. வளவில் விழுந்த அலரிப் பூவையும் செவ்வரத்தை இதழையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு இலையைச் சுருட்டி, அதற்குள் வைத்து ஊசியால் குத்தி நூலில் ஏற்றினான். ஊசி நடுங்கியது, ஆனாலும் குறி தப்பவில்லை. கட்டையான ஆள், கறுத்த தலைமயிர், எங்கள் ஊர் ஆட்களின் நிறம். தூரத்தில் பார்த்தால் பக்கத்துச் சல்லிக் கிராமத்துக் கரையில் வலை இழுக்கிறவன் என்றே நினைப்பீர்கள்.

அவனுக்கும் கப்பலடி இங்கிலீஷ், எனக்கும் கப்பலடி இங்கிலீஷ். இரண்டும் சேர்ந்து நொண்டி நொண்டி ஒரு கதையை நடத்திவிடும். மெக்சிக்கோ தேசம் என்றான். ஆனால் அந்தத் தேசத்தின் ஸ்பானியப் பாஷை தன் பாஷை இல்லையாம். மலைநாட்டில் அவன் ஊர். வெளியாட்கள் அவர்களைச் சோக்கே என்பார்கள். அவர்கள் தங்களைச் சொல்லின் ஆட்கள் என்பார்கள். சோக்கே ஒன்று இல்லை, பல. மலைக்கு அந்தப் பக்கத்துச் சோக்கே பேசினால் தனக்குப் பாதிதான் விளங்கும் என்றான். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் ஒருவரை ஒருவர் பகிடி பண்ணுவதை நினைத்துத் தலையாட்டினேன். கப்பலில் பின்னேரங்களில் கொடுக்கும் கொக்கோவைக் காட்டி, அது தங்கள் ஆட்களின் சாமான், பெயரும் தங்கள் ஆட்களுடையது, ஊரில் ககவா என்போம் என்றான். அதை நான் நம்பவில்லை. ஊரை விட்டு வந்தவன் கொஞ்சம் பெருமை பேசத்தான் செய்வான் என்று விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சோக்கே பேசினால் அடியாம். அதனால் அவனும் பாதியில் நின்றவன். அதைக் கேட்டதும் எனக்கு அவன் சொந்தக்காரன் போல ஆகிவிட்டான்.

இரண்டு மூன்று நாள் போன பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். விழுந்தபோது அவன் பயந்துவிட்டான். பயந்தால் உள்ளுக்குள் இருப்பது கழன்று அந்த இடத்திலேயே கிடக்கும். அதற்கு அவர்கள் பாஷையில் கொஹாமா என்று பெயர். ஹாமா என்றால் வெயில், ஹாமா என்றால் நாள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கும் கொஞ்ச வெயில் என்று நான் விளங்கிக்கொண்டேன். அவனுடைய வெயில் எங்கள் துறைமுகத்துத் தண்ணீருக்குள் கிடந்தது.

எனக்கு இதில் புதினம் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை பயந்து காய்ச்சல் வந்தால் நாங்களும் வேப்பிலை அடித்துத் திருநீறு போடுகிறோம்தானே. நூல் கட்டுவிக்கலாம், வா என்றேன். அவன் தலையை ஆட்டினான். உடம்பில் எதையும் கட்டி வேலையில்லை, உடம்பு வெறும் வீடு. விழுந்த இடத்துக்கே போக வேண்டும். பூக் கொடுக்க வேண்டும். மரக்கொப்பால் அந்த இடத்தைத் தட்டிக் கூப்பிட வேண்டும். தன்னைத் தான் கூப்பிட முடியாது, இன்னொருவர் கூப்பிட வேண்டும். சோக்கேயில்தான் கூப்பிட வேண்டும். அது வேறு பாஷை அறியாது.

கப்பல் திருத்தி முடிய இன்னும் பத்து நாள். அது புறப்படும்போது ஏறாவிட்டால் அவனை வேலை மறுத்தவன் என்று பிடித்துக் கொடுப்பார்கள். ஏறினாலோ, வெறும் உடம்பைத்தான் கப்பல் கொண்டுபோகும். அப்படிப்பட்ட உடம்பு ஒரு மாதம்தான் தாங்கும் என்றான். அதை அவன் அழாமல், மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"நீதான் என்னை எடுத்தாய். இடம் உனக்குத் தெரியும். நீ கூப்பிடு."

ஓம் என்றேன். பயந்தவனுக்கு இல்லை என்று சொல்லப் பழக்கமில்லை.

ஆனால் இடம்? அவன் விழுந்த இடத்தில் நின்ற கப்பலை, திருத்தும் துறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அந்த இடத்தில் வெடிமருந்து ஏற்றிய பெரிய படகொன்று சிவப்புக் கொடியோடு நின்றது. பக்கத்தில் போனால் துறைமுகத்தில் வேலை செய்யத் தந்த பாஸைப் பறிப்பார்கள் என்று நினைத்தேன். சுடுவார்கள் என்றும் நினைத்தேன். ஏன் அங்கே போனாய் என்று என்னை விசாரிப்பார்கள், கயிற்றுக் கதை வெளியில் வரும் என்றும் நினைத்தேன். எல்லாம் நினைத்துவிட்டு, கரையோரம் பாறையடியில் பாஸ் கேட்க ஆளில்லாத ஒரு மூலையைத் தெரிந்தெடுத்தேன். தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் எனக்கு நாலு சொல் சொல்லித் தந்தான். வா. எழும்பு. இங்கே கிடக்காதே. வீட்டுக்குப் போவோம். வா என்பதற்கு அவர்கள் மினு என்று சொல்வார்கள். நாங்கள் பாட்டு என்று சொல்லும்போது கடைசியில் வாயைக் குவிக்காமல் அரைவாசியில் விடுகிறோமே, அந்த ஓசை. கப்பலில் ஒரு வெள்ளைக்காரனுக்கும் அது வராதாம். எனக்கு முதல் தரத்திலேயே வந்தது. அவன் என் வாயைப் பார்த்தான், இன்னொரு தரம் சொல் என்றான். நாலு வருஷமாகக் கடலில் இருக்கிறவன். நாலு வருஷத்தில் இன்னொரு வாயிலிருந்து அவன் கேட்ட முதல் சோக்கேச் சொல் அது.

படகில் நான் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, வாய்க்குள்ள மீனா?" என்றார் காக்கா. "புடிச்சா எனக்கும் ஒண்டு தா."

"இல்ல காக்கா, சும்மா பாட்டு."

"பாட்டெண்டா ராகம் வேணும். இது பல்லு வலிக்கிறவன்ட சத்தம்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவனைப் பாறையடிக்குக் கூட்டிப் போனேன். அவன் நான் சொன்னதை அப்படியே நம்பினான். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். தைத்த பூவைத் தண்ணீரில் விட்டான். நான் பூவரசங் கொப்பால் தண்ணீரைத் தட்டி மூன்று தரம் கூப்பிட்டேன். சின்ன அலை வந்து பூவைக் கரையிலேயே திருப்பிப் போட்டது. அவன் தலையைச் சரித்துக் காது கொடுத்தபடி நின்றான். ஒரு கப்பல் தூரத்தில் ஊதியது. வெயில் ஏறியது.

"வரவில்லை" என்றான்.

அவன் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திராது. அவன் சந்தேகப்பட்டது தன் பாஷையை. பேசாத வாயில் சொல் கெட்டுப்போகும், நான் உனக்குக் கெட்டதைத் தந்துவிட்டேன் என்றான். அடுத்த நாள் போனபோது அதே சொல்லை வேறு மாதிரிச் சொல்லித் தந்தான். அம்மா இப்படித்தான் சொல்வாள் என்றான். அதற்கடுத்த நாள், இல்லை, அது மலைக்கு அந்தப் பக்கத்தார் சொல்வது, அப்படிச் சொல்லாதே என்றான். எழும்பு என்பதற்கு என்ன சொல் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். ஒரு பாஷை அவனுக்குள் தையல் விட்டுப் பிரிந்துகொண்டிருந்தது. நூலின் நுனி என் கையில் இருந்தது.

எனக்கும் சோறு இறங்கவில்லை. குசினியில் அக்கா சோற்றுக் கோப்பையை என் முன்னால் தள்ளினாள்.

"என்ன, உனக்கும் அந்த வருத்தமோ? சொல்லு. சொல்லாட்டி நான் காக்காவிட்டப் போய்க் கேப்பன்."

சொன்னேன். கயிற்றை விட்டது, பொய் சொன்னது, பொய் இடம் காட்டியது, எல்லாம். அக்கா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீ பயந்ததுக்கு அந்த மனிசன்ர பாஷையோ பழி ஏற்கிறது?"

"பாஸைப் பறிப்பாங்கள் அக்கா."

"பறிக்கட்டும். கொஞ்சமாவது வெக்கம் இருக்கோ உனக்கு? அந்தாள் என்ர கஞ்சியைக் குடிக்கேல்லாமல் கிடக்குது, நீ பாஸைப் பற்றிக் கதைக்கிறாய். போ, முதல்ல காக்காவிட்டச் சொல்லு. பிறகு அவரிட்டச் சொல்லு. சொல்லிப்போட்டு வந்தாத்தான் இந்த வீட்டில சோறு."

கப்பல் புறப்பட அப்போது மூன்று நாள் இருந்தது.

மறுநாள் படகில் காக்காவிடம் சொன்னேன். அவர் சுக்கானை விடாமல் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"அறுந்த கயிறெண்டா நுனி பிஞ்சிருக்கும் தம்பி. உண்ட கயிறு மணவாட்டிட பின்னல் மாதிரி முழுசாக் கெடந்திச்சி. அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீ கந்தளாய் மட்டும் ஓடுவாய். கயிறு புடிக்க எனக்கு வேற ஆள் எங்க?" பிறகு, சிரிக்காமல், "ஆனா இந்த இடத்துப் பொய் எனக்குத் தெரியா. அது சரியில்ல" என்றார்.

கொஞ்சத் தூரம் போன பிறகு மறுபடி பேசினார். "வெடிமருந்துப் படகைக் காவல் காக்கிற ஆக்கள் தண்ணி குடிக்கிறல்லயா? வெள்ளிக்கு வெள்ளி நாமதானே குடுக்கிற."

வெள்ளிக்கு வெள்ளி வெடிமருந்துப் படகுகளுக்கும் தண்ணீர் கொடுக்கிறோம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எத்தனை தரம் கயிறு மாட்டியிருக்கிறேன். பயம் வந்ததும் தெரிந்தது தெரியாததாகிவிட்டது.

"நாளைக்கு வெள்ளி" என்றார் காக்கா. "அந்தாளையும் குழாய் புடிக்கக் கூட்டி வா. போற வழிதான்."

வெள்ளி காலை அவன் படகின் நடுவில், பூவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கப்பல்களின் நிழல்கள் தலைகீழாகத் தொங்க, நாங்கள் அந்த நிழல்களின் ஊடாகப் போனோம். சிவப்புக் கொடி கண்ணுக்குத் தெரிந்தபோது நான் அவனிடம் சொன்னேன். முதலில் இடத்தைச் சொன்னேன். பிறகு கயிற்றைச் சொன்னேன். என் இங்கிலீஷ் போதவில்லை. கையால் கயிற்றைப் பிடித்துக் காட்டி, விட்டுக் காட்டினேன்.

அவன் என் வெறுங்கையைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்போ சொல் பிழையில்லை" என்றான்.

"இல்லை."

"முதல் தந்த சொல்?"

"பிழையில்லை."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குள் அந்த நாலு சொல்லையும் ஒரு தரம் சொன்னான். களவு போன சாமானைத் திரும்பக் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பவன் போல மெதுவாகச் சொன்னான். என்னைத் திட்ட அவனுக்கு நேரமே இருக்கவில்லை.

காவல்காரர் தண்ணீரை வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். அவ்வளவுதான் விசாரணை. திரும்பும்போது, வெடிமருந்துப் படகின் பின்பக்கத்தில், அவன் விழுந்த இடம் என்று என் நெஞ்சு அடித்துச் சொன்ன இடத்தில், காக்கா படகை ஓடவிடாமல் நிறுத்தினார். அவன் பூவை விட்டான். இலைக்குள் சுருண்டிருந்த சிவப்பும் வெள்ளையும் விரியாமல் மிதந்தன. நான் குனிந்து கொப்பால் தண்ணீரைத் தட்டினேன். மினு. எழும்பு. இங்கே கிடக்காதே. வீட்டுக்குப் போவோம். மூன்று தரம். கீழே எங்கள் மூவரின் முகமும் உடைந்து உடைந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்த தெய்வம் ஒன்றும் அந்தச் சொற்களை அறியாது. ஆனால் யாரோ ஒருவர் படுக்கையில் புரண்டு எழும்புவதுபோலத் தண்ணீர் ஒரு தரம் படகைத் தூக்கி இறக்கியது. கப்பல் ஏதாவது போன அலையாக இருக்கலாம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் நீளமாகக் கொட்டாவி விட்டான். பிறகு காக்காவின் மூட்டையைப் பார்த்தான். காக்கா அதை அவிழ்த்து மத்தியானத்துக்கு வைத்திருந்த தேங்காய் ரொட்டியை நீட்டினார். ஒன்று, இரண்டு, எல்லாம் முடிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், ஆள் வந்திட்டான்" என்றார் காக்கா. "எண்ட ரொட்டி போயிட்டு."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் என் பெயரைக் கேட்டான். அவ்வளவு நாளும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டிருக்கவில்லை. சொன்னேன். அவன் என் கையிலிருந்த கொப்பை வாங்கி, அதே தண்ணீரைத் தட்டி, என் பெயரைச் சொல்லி, அதே நாலு சொல்லால் கூப்பிட்டான். அன்றைக்குச் சைரன் ஊதியபோது நீயும்தான் விழுந்தாய், உன்னை யாரும் எடுக்கவில்லை என்றான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"உன்ரது வந்ததோ?"

"தெரியாது அக்கா. பசிக்குது."

அக்கா சோறு போட்டாள்.

அவன் கப்பல் புறப்பட்ட காலை கடைசித் தண்ணீர் நாங்கள்தான் கொண்டுபோனோம். அவனும் எங்கள் படகிலேயே வந்தான். அக்கா கட்டித் தந்த சோற்றுப் பொட்டலம் கையில் இருந்தது. தண்ணீர் ஏற்றி முடிந்தது. அவன் கயிற்றேணியில் ஒரு காலை வைத்தான். மற்றக் கால் எங்கள் படகின் விளிம்பில். அந்த நேரம் பார்த்து, கரையில் சைரன் ஊதத் தொடங்கியது.

என் உடம்பு முழுக்க ஓடச் சொன்னது. காது அடைத்தது. கயிறு என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அவன் திரும்பி என் கையைத்தான் பார்த்தான், முகத்தை இல்லை. பிறகு மற்றக் காலையும் தூக்கி வைத்தான். ஒரு படி, இன்னொரு படி. மேலே கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் போனான். சைரன் ஓய்ந்தது. அவன் குனிந்து, கையை வாயில் வைத்து ஏதோ கத்தினான். அது நாலு சொல்லில் இல்லாத ஒரு சொல். அதை நான் படிக்கவில்லை.

"விடு தம்பி" என்றார் காக்கா. "தம்பி! கயித்த விடு. கப்பல் நம்மளையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகப் போகுது."